மூன்று தட்டு

மூன்றாம் பீரியடில்
கரும்பலகையின் இடது மூலை காணாமல் போகும்.
யாரும் அழித்ததில்லை.
கார்பன் இருந்த இடத்தில் ஒரு மினுங்கல்,
வெயிலில் கிடக்கும் ஜிகினாத் தாள் மாதிரி.
அதிலிருந்து எனக்கு இருபது நிமிடம்.

இருபது நிமிடத்தில்
தல்வார் மேடம் சொல்வதையெல்லாம்
வரி பார்க்காமல் எழுதிக்கொள்வேன்.
பக்கத்து பெஞ்சின் முட்டை புர்ஜிக்குத் தப்பி
துப்பட்டாவுக்குள் மூச்சு விடுவேன்.
ஷிவாங்கியின் முழங்கையில் இரண்டு தட்டு:
வருகிறது.
மூன்று என்றால் வந்துவிட்டது.
நான்குக்கு நாங்கள் இன்னும் அர்த்தம் வைக்கவில்லை.

பிறகு
வலது கண்ணுக்குப் பின்னால்
யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள்,
குடிவந்தவர் போல் இல்லை,
வீட்டுக்காரர் போல.

எங்கள் பள்ளியில் நோயாளிக்கென்று அறை கிடையாது.
படிக்கட்டுக்குக் கீழே விளையாட்டுச் சாமான் அறை.
பியூன் ராம்கிலாவன் ஒன்றும் கேட்காமல் திறப்பார்.
ஜன்னல் ஓட்டையில் கோணிச்சாக்கைத் திணித்துவிட்டுப் போவார்.
ஹைஜம்ப் மெத்தையில் நான் கிடப்பேன்,
யாருமே தாண்டாத உயரத்துக்குக் கீழே.
மேலே ஒவ்வொரு மணிக்கும்
நானூறு செருப்புகள்
என் நெற்றி வழியாக வகுப்பு மாறும்.

டாக்டர் கேட்டார்,
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி?
ஐந்து என்றேன்.
அப்பா அன்று அரைநாள் லீவு போட்டிருந்தார்.
ஐந்துக்கெல்லாம் அரைநாளா என்று உறுத்தியது.
எட்டு என்று மாற்றினேன்.
அவர் பேனாவை நிறுத்தி, என்னைப் பார்த்து,
முதலில் சொன்னதையே எழுதினார்.

ஷிவாங்கியின் அம்மா சொன்னார்,
சூரியன் உதிக்குமுன் பாலில் ஊறிய ஜிலேபி.
பதினோரு நாள் தின்றேன்.
வலி போகவில்லை.
ஜிலேபியைக் குறை சொல்ல மாட்டேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்,
அம்மா போனில் பெரியம்மாவிடம் சொன்னது.
வைஸ் பிரின்சிபால் முன்னால் அதை
இந்தியில் சொல்லிப் பார்த்தேன்.
அங்கே அது பழமொழியாக இல்லை,
புகாராக இருந்தது.
பரீட்சை நெருங்கினால் மட்டும் ஏன் வருகிறது என்றார்.
தீபாவளிக்கும் வந்தது மேடம்,
என் பிறந்தநாளுக்கும்.
சொல்லவில்லை. வாயைத் திறந்தால் வாந்தி வரும்.

வருகைப் பதிவில் என் பெயரை
எலிலரசி என்றுதான் கூப்பிடுவார்கள்.
என் ழ
எல்.கே.ஜி.யிலிருந்தே ஆப்சென்ட்.
மீதிப் பேருக்காவது
எழுபத்தைந்து சதவீதம் வேண்டுமாம்.

ஜனவரி மட்டும் பிடிக்கும்.
பனிமூட்டத்தில் எதிர் பிளாட்பாரம் மறைந்துவிடும்.
ரயில் தாமதம், பஸ் தாமதம்,
லட்சுமி நகர் முழுக்கத் திட்டிக்கொண்டிருக்கும்.
ஊரே பாதிதான் பார்க்கிறது என்று
எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.
வெயிலுக்கு வாங்கிய கறுப்புக் கண்ணாடியை
அந்த மாதம் பையில் வைத்திருப்பேன்.
மற்ற மாதங்களில் மெட்ரோவில் யாராவது
ஹீரோயின் என்பார்கள்.

பிப்ரவரியில்
என் தலைக்கு மேலிருந்த டியூப்லைட் துடிக்க ஆரம்பித்தது.
பட், பட், நீலம், வெள்ளை.
இரண்டு நாள் பொறுத்தேன்.
மூன்றாம் நாள் அதில் ஸ்டார்ட்டர் இல்லை.
எலக்ட்ரீஷியன் வந்து மாட்டிவிட்டுப் போனார்.
மறுநாளும் இல்லை.
திரும்ப மாட்டினார். திரும்ப இல்லை.
வகுப்பில் எலி இருக்கிறது என்றார் தல்வார் மேடம்.
எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்,
பெயரால்.
நானும் சிரித்தேன், மெதுவாக,
அசையாத பக்கத்தால்.

பாகைமானி கேட்டு
ஷிவாங்கியின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தபோது
காம்பஸுக்குப் பக்கத்தில்
நான்கு ஸ்டார்ட்டர்கள்.
மூடிவிட்டேன்.
பாகைமானி இல்லையே என்றேன்.
வீட்டில் இருக்கும் என்றாள்.

வலி அதற்காக நிற்கவில்லை.
செவ்வாய்க்கிழமை
இருட்டான அந்த பெஞ்சிலேயே வந்தது.
மூன்று தட்டு.
அவள் ஏற்கெனவே
என் பேனாவை மூடிக்கொண்டிருந்தாள்.